கஸ்பாரின் சனிக்கிழமை

வெள்ளிமுனையில் பதினான்கு மாதங்களாக ஒருவர்கூடச் சாகவில்லை. ஊரின் பிரச்சினையே அதுதான் என்றது இரட்டை.

இரட்டை ஒரு கணிப்பு நிரல். அதற்கு இரண்டு பாதிகள். ஒரு பாதிக்குக் கடல் தெரியும். நீரோட்டம், வெப்பம், கடற்புல், மீன் எல்லாம் அதற்கு அத்துப்படி. மறுபாதிக்கு ஊர் தெரியும். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை, எந்த வீட்டுப் பையன் எந்தக் கப்பலில் வேலை பார்க்கிறான், எல்லாம். முதல் பாதியைக் கடலுயிரியல்காரன் பரசுராமன் எழுதினான். இரண்டாவது பாதியைச் சமூகவியல்காரி ஜெய்புன்னிசா எழுதினாள். ஆறு வருடங்களாக இருவரும் கடற்கரை ஆய்வு நிலையத்தில் ஒரே மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். முதல் நான்கு வருடங்கள் பரசுராமன் அவளுடைய வேலையை அறிவியல் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. ஓரா மீன் விவகாரத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டான்.

ஓரா, கடற்புல் மேயும் மீன். வெள்ளிமுனையில் நூற்று முப்பது வள்ளங்களும் அதை நம்பித்தான் இறங்கின. வருடத்தில் ஒரே ஓர் அமாவாசைக்குப் பிறகு, நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை, அது கூட்டமாக வந்து முட்டையிடும். அந்த நான்கு நாட்கள் வலை விழாவிட்டால் மறுவருடம் மீன் கொழிக்கும். சில வருடங்கள் கொழித்தது. சில வருடங்கள் இல்லை. ஏன் என்று பரசுராமனுக்குப் புரியவில்லை. வெப்பத்தை வைத்துப் பார்த்தான், மழையை வைத்துப் பார்த்தான். எதுவும் ஒத்துவரவில்லை.

ஒரு நாள் ஜெய்புன்னிசா மாதா கோயிலின் அடக்கப் பதிவேட்டை வரைபடமாக்கி அவனுடைய வரைபடத்தின் மேல் வைத்தாள். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன.

வெள்ளிமுனையில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் யாராவது இறந்தால் கோயிலில் துக்க மணி அடிப்பார்கள். மணி அடித்தால் அடக்கம் முடியும்வரை ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. இறந்தவரின் மகன் கப்பலில் இருந்தால் அவன் வந்து சேரும்வரை அடக்கம் காத்திருக்கும். கடலும் காத்திருக்கும். ஓரா முட்டையிடும் நாட்களில் சாவு விழுந்தபோதெல்லாம் மறுவருடம் ஊருக்கு மீன் இருந்தது.

பிறகு மணிக்கட்டுப் பட்டை வந்தது. இதயம் தடுமாறுவதற்கு முன்பே மருத்துவமனைக்குத் தகவல் போய்விடும். ஊரில் சாவு அரிதானது. கடல் ஓய்வெடுப்பதும் அரிதானது.

“அப்ப நாங்க சாவலங்கிறதுதான் உங்களுக்குக் கொறையா?” என்று கேட்டார் ஊர்க்கமிட்டித் தலைவர் லூர்து பர்னாந்து. செவ்வாய்க்கிழமை மாலை ஆய்வு நிலையத்துக்கு அவரை வரச் சொல்லியிருந்தார்கள்.

“குறை இல்லை தலைவரே. கணக்கு” என்றான் பரசுராமன்.

“கணக்குல எத்தன பேரு சாவணும்?”

“ஒருத்தர் போதும். ஆனா சரியான நாள்ல.”

லூர்து ஜெய்புன்னிசா பக்கம் திரும்பினார். “டீச்சர், இவரு எப்பவுமே இப்படித்தானா? இல்ல, இன்னைக்கு இன்னும் காப்பி குடிக்கலையா?”

அவள் ஊரில் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. கையில் நோட்டுடன் கேள்வி கேட்டுக்கொண்டு திரிந்ததால் டீச்சர் ஆகிவிட்டாள்.

“இந்த அமாவாசைக்கும் வலை விழுந்தா அடுத்த அஞ்சு வருஷம் இந்தப் பக்கம் ஓரா இருக்காது தலைவரே” என்றாள். “அதை இரட்டை உறுதியாச் சொல்லுது.”

“நாலு நாளு கடலுக்குப் போவாதன்னு உத்தரவு போடுங்க.”

“போன வருஷம் அதிகாரிங்க செவப்புக் கொடி நட்டாங்களே, என்ன ஆச்சு?”

லூர்து சிரித்தார். “அத கிழிச்சு எஞ்சின் தொடைச்சானுவ. நல்ல துணி.”

“மணி அடிச்சா?”

“மணி அடிச்சா எவன் போவான்? போனா அவன் வீட்டுச் சாவுக்கு யாரு வருவா?”

ஜெய்புன்னிசா நோட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பினாள். பிறகு கேட்டாள்: “கஸ்பார் அண்ணாச்சி எப்படி இருக்கார்?”

லூர்தின் சிரிப்பு நின்றது. கஸ்பாருக்கு எழுபத்தொரு வயது. ஒரு மாதமாக நினைவில்லாமல் படுத்திருந்தார். மருத்துவமனையிலிருந்து கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவருடைய பட்டையைப் படித்த இரட்டை, வெள்ளிக்கும் ஞாயிற்றுக்கும் நடுவில் என்று நாள் குறித்திருந்தது.

“சனிக்கிழமைன்னு வைங்க” என்றான் பரசுராமன். “அன்னைக்கே மணி அடிச்சா, கப்பல்ல இருக்குற அவர் பையன் டெல்சன் செவ்வாய்க்கிழமை வந்திடுவான். புதன் அடக்கம். நாலு நாள் சும்மா இருந்தவங்க வியாழக்கிழமை விடிஞ்சதும் மொத்தமா இறங்குவாங்க, ரெட்டை வலையோட. அதே வியாழக்கிழமைதான் ஓரா கூடுது.”

“அதனால?”

“மணியை வியாழக்கிழமை அடிக்கணும். டெல்சனுக்கும் அன்னைக்குத்தான் சொல்லணும். அவன் ஞாயிறு வந்தா திங்கள் அடக்கம். அதுக்குள்ள ஓரா முட்டையிட்டுப் போயிடும்.”

“செத்தவன அஞ்சு நாளு மறைச்சு வைக்கச் சொல்லுதீய.”

“சாவை நாங்க மாத்தலை தலைவரே. மணியைத்தான்.”

லூர்து எழுந்து ஜன்னலருகே போனார். கரையில் காலி வள்ளங்கள் வரிசையாகக் கிடந்தன. அவருடைய மகனும் மருமகனும் அவற்றில்தான் போகிறார்கள். “கஸ்பார் அண்ணாச்சி வீட்டு மைனிக்கிட்ட நான் பேச மாட்டேன்” என்றார். “டீச்சர் பேசட்டும். நான் பக்கத்துல நிக்கேன்.”

கஸ்பாரின் மனைவி பிரகாசி, கணவருடைய உதட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“எத்தன நாளு?”

“அஞ்சு.”

“அஞ்சு நாளும் அழக்கூடாது.”

“சத்தமா அழக்கூடாதும்மா.”

“சத்தமில்லாம அழுறதுக்கு அது என்ன அழுவை டீச்சர்?”

ஜெய்புன்னிசா நோட்டை மூடி வைத்தாள்.

“இவிய வலையில விழுந்த ஓரா இந்த ஊர்ல எவன் வலையிலயும் விழுந்ததில்ல” என்றாள் பிரகாசி. “மத்தவனுக்கு அம்பதுன்னா இவியளுக்கு நூறு. அம்புட்டையும் வாரி எடுத்த மனுசன். போறப்ப கொஞ்சம் திருப்பிக் குடுக்கட்டும்.” துணியை மடித்து வைத்தாள். “ஒண்ணு மட்டும் செய்யணும். உசிரு என்னைக்குப் போவுதோ, அந்த நாளத்தான் கல்லுல வெட்டணும்.”

“மைனி, கல்லப் பாத்தா ஊரு கேக்குமே” என்றார் லூர்து.

“கேட்டா நீ பதிலு சொல்லு. தலைவர்தானே?”

ஜெய்புன்னிசா சம்மதப் படிவத்தை நீட்டினாள். நான்கு பக்கம். ஆய்வில் சேரும் யாரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவளுடைய துறையின் கண்டிப்பான விதி. கடலில் மீனிடம் கையெழுத்து வாங்குவதில்லை என்று பரசுராமன் வழக்கமாகக் கிண்டல் செய்வான்.

“இதுல என்ன எழுதிருக்கு?”

“எப்ப வேணும்னாலும் நீங்க வேண்டாம்னு சொல்லலாம். சொன்னா உங்களைப் பத்தி எழுதின எல்லாத்தையும் நாங்க அழிச்சிடணும்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“வேண்டாம்னு சொல்லுறதுக்கு நாலு பக்கமா?” என்றபடி பிரகாசி கையெழுத்துப் போட்டாள்.

கஸ்பார் சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு இறந்தார். ஜெய்புன்னிசாவின் கருவியில் ஒரு கோடு நேராகியது. அவள் போய்ச் சேர்ந்தபோது பிரகாசி சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

மதியம் பரசுராமன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். ஆய்வு நிலையத்தில் மீன் மாதிரிகளை உறையவைக்கும் நீளமான குளிர்ப்பெட்டி. மீன்களை எடுத்துவிட்டுக் கழுவியிருந்தான். மூச்சு சீராவதற்காகச் சென்னையிலிருந்து வந்த கட்டில் என்று சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு. நான்கு பேர் அதை வண்டியிலிருந்து இறக்கினார்கள். அவர்களில் ஒருவன் மிக்கேல். எட்டு வருடம் கஸ்பாரின் வள்ளத்தில் போனவன்.

“கட்டிலுக்கு எதுக்கு சார் மூடி?”

“கிருமி படாம இருக்க.”

மிக்கேல் பெட்டியின் அடியிலிருந்த கம்ப்ரசரைப் பார்த்தான். பிறகு பரசுராமனைப் பார்த்தான். “நல்ல கட்டிலு” என்று சொல்லிவிட்டுத் தூக்கினான்.

ஐந்து நாட்களும் திட்டப்படியே போயின. பெட்டியின் உறுமல் வெளியே கேட்காமலிருக்க பிரகாசி டிவியைச் சத்தமாக வைத்தாள். ஞாயிறு எப்படியும் தொழில் இல்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நூற்று முப்பது வள்ளங்களும் காலையில் கடலுக்குப் போய் மதியம் திரும்பின. கரைக்கு ஒரு கூடை மீன்கூட வரவில்லை. “நிலைமை நாம நினைச்சதை விட மோசம்” என்று பரசுராமன் குறித்துக்கொண்டான். பக்கத்து வீட்டு ரெஜினா இரண்டு வேளையும் பிரகாசிக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். ‘அண்டை வீட்டு உதவி: கஞ்சி, இரு வேளை’ என்று ஜெய்புன்னிசா குறித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை டெல்சன் கப்பலிலிருந்து கூப்பிட்டான். ஜெய்புன்னிசா அப்போது அந்த அறையில் இருந்தாள்.

“அப்பா எப்படிம்மா?”

“தூங்குறாவ.”

“ஃபோனக் காதுல வையிம்மா. நான் பேசுதேன்.”

பிரகாசி ஜெய்புன்னிசாவைப் பார்த்தாள். ஜெய்புன்னிசா தன் நோட்டைப் பார்த்தாள். பிரகாசி டிவியை நிறுத்தினாள். பெட்டியின் மூடியைத் திறந்து, குனிந்து, ஃபோனைக் கணவரின் காதருகே பிடித்தாள். டெல்சன் மூன்று நிமிடம் பேசினான். கப்பல் நங்கூரம் போட்டிருக்கும் ஊரைப் பற்றிச் சொன்னான். அடுத்த மாதம் வருவதாகச் சொன்னான். சின்ன வயதில் எதற்கோ அடி வாங்கியதைச் சொல்லிச் சிரித்தான். அவன் முடித்ததும் பிரகாசி நிமிர்ந்தாள்.

“கேட்டாவளா?”

“கேட்டாவ.”

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குத் துக்க மணி அடித்தது. பிரகாசி சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். அந்த முதல் அழுகை பதினொரு நிமிடம் நீடித்தது. ஜெய்புன்னிசா கடிகாரத்தைப் பார்த்தது பழக்கதோஷம்.

ஒரு வள்ளமும் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை டெல்சன் வந்தான். திங்கள் அடக்கம். அன்று பரசுராமன் தண்ணீர் மாதிரிகளை மூன்று தடவை எண்ணினான்.

“இருபத்திரண்டு வருஷத்துல இவ்வளவு முட்டை பதிவானதே இல்லை” என்றான். “இரட்டை சொன்னதைப் போல ரெண்டு மடங்கு.”

“நல்லதுதானே?”

“நல்லதுதான். ஆனா நாலு நாள் ஓய்வுக்கு இவ்வளவு வராது. எங்கயோ கணக்கு தப்பு.”

கணக்கு எங்கே தப்பியது என்பது முப்பதாம் நாள் தெரிந்தது. கோயிலில் அறிவித்திருந்த முப்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. பிரகாசிக்கு உண்மையான முப்பதாம் நாள், அதற்கு ஐந்து நாள் முந்திய ஞாயிறு. “தனியா ஒரு மெழுகுதிரி கொளுத்திட்டு வந்துருதேன்” என்றாள். ஜெய்புன்னிசா துணைக்குப் போனாள்.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தின் வாசலுக்கு வந்தபோது இருவரும் நின்றுவிட்டார்கள். கஸ்பாரின் கல்லைச் சுற்றி ஊர் நின்றிருந்தது. ஆளுக்கொரு மெழுகுதிரி. மிக்கேல் இருந்தான். ரெஜினா இருந்தாள். லூர்து கடைசி வரிசையில் தலை குனிந்து நின்றிருந்தார். பிரகாசிக்கு வழிவிட்டார்கள்.

ஜெய்புன்னிசா நேராக ஆய்வு நிலையத்துக்கு வந்து, மணி அடிப்பதற்கு முந்திய அந்த மூன்று நாட்களின் வள்ளப் பதிவைத் திறந்தாள். ஒவ்வொரு வள்ளத்திலும் இடங்காட்டிக் கருவி உண்டு. திரையில் நூற்று முப்பது புள்ளிகள் கரையிலிருந்து கிளம்பின. நடுக்கடலில் நின்றன. வலை போட்ட வள்ளம் வட்டமடிக்கும். இந்தப் புள்ளிகள் வட்டமடிக்கவில்லை. நீரோட்டம் போன திசையில் மெதுவாக நகர்ந்து, மதியம் ஒன்றாகத் திரும்பின.

“எஞ்சினை நிறுத்திட்டு சும்மா உட்கார்ந்திருக்காங்க” என்றான் பரசுராமன். “மூணு நாளும். மீன் இல்லைன்னு நான் எழுதி வச்சேன். இவங்க வலையே போடலை.”

“சாவு வீட்ல அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க” என்றாள் ஜெய்புன்னிசா. “பக்கத்து வீடுதான் கஞ்சி தரும். நானே எழுதின கட்டுரையில இருக்கு. ரெஜினா கஞ்சியோட வந்தப்ப என் கண்ணு முன்னாலதான் வந்தா.”

அன்று மாலை பிரகாசியிடம் கேட்டாள். “ஊருக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“ரெண்டாம் நாளே தெரியும். என் அடுப்புக்கு என்ன கேடு, ரெஜினா கஞ்சி கொண்டாரதுக்கு?”

“ஏன் என்கிட்ட சொல்லலை?”

“நீங்க கேக்கலியே. நாலு பக்கத்துல அந்தக் கேள்வி இல்ல.”

“முதல்லயே நாங்க ஊரைக் கூட்டிக் கேட்டிருந்தா நிறுத்தியிருப்பாங்களா?”

பிரகாசி தலையை அசைத்தாள். “நிறுத்த மாட்டானுவ. உங்களுக்காவ நிக்கல. ஓராவுக்காவவும் நிக்கல. நான் வாயப் பொத்திட்டு உள்ள கெடந்தேன்லா, அதுக்காவ நின்னானுவ. நின்னது எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் வள்ளத்தையும் எடுத்துட்டுப் போனானுவ.”

மறுவாரம் சென்னை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. வெள்ளிமுனை முறையை இன்னும் நாற்பத்தாறு கடற்கரை ஊர்களில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றும் அதில் இருந்தது. பரசுராமன் நேர்மையானவன். பழைய கணக்கைத் திருத்தாமல் அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. ஓய்வு நான்கு நாள் என்பதை, முதல் ஞாயிறிலிருந்து அடக்கம் நடந்த திங்கள் வரை ஒன்பது நாள் என்று மாற்றினான். கஞ்சியையும் கட்டிலையும் சேர்த்தான். இரட்டை பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டது.

பரிந்துரை மூன்று வரியில் வந்தது:

மரண அறிவிப்பைத் தாமதிக்கவும். அண்டை வீட்டார் ஒருவருக்கு மட்டும் தற்செயலாகத் தெரியவிடவும். துக்கத்தை அடக்கிக்கொள்பவர் மனைவியாக இருந்தால் பலன் அதிகம்.

கீழே ஒரு பட்டியல். நாற்பத்தாறு ஊர்கள், நாற்பத்தாறு பட்டை எண்கள், நாற்பத்தாறு பெண்களின் பெயர்கள்.

“இதை நான் எழுதலை” என்றான் பரசுராமன்.

“ரெண்டு பேரும் சேர்ந்துதான் எழுதினோம்.”

அவன் பட்டியலைக் கடைசி வரை படித்தான். “நிறுத்தச் சொல்லி எழுதலாம்.”

“எழுதினா குழு போடுவாங்க. குழு வர்றதுக்குள்ள அந்த ஊர்கள்ல மீன் கூடுற அமாவாசை வந்திடும்.” ஜெய்புன்னிசா எழுந்து அலமாரியைத் திறந்தாள். “மொத்த முறைக்கும் ஆதாரம் எத்தனை சாவு?”

“ஒண்ணு.”

“அதுக்கு ஒரு கையெழுத்து இருக்கு” என்று நான்கு பக்கப் படிவத்தை எடுத்தாள்.

அவர்கள் போனபோது பிரகாசி வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். ஜெய்புன்னிசா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். நாற்பத்தாறு என்ற எண்ணைக் கேட்டதும் பிரகாசியின் கை மிளகாயில் நின்றது.

“அந்தப் பொம்பளையளுக்கு டிவி இருக்கா?” என்று கேட்டாள்.

ஜெய்புன்னிசா படிவத்தை அவள் முன்னால் விரித்தாள்.

“கல்லப் படம் புடிச்சு டெல்சனுக்கு அனுப்புனேன்” என்றாள் பிரகாசி. “கல்லு நல்லா வந்திருக்குன்னு காட்டுறதுக்குத்தான் அனுப்புனேன். அவன் நாளப் பாத்துட்டான். செவ்வாக்கெழமை யாருகிட்டம்மா பேசுனேன்னு கேட்டான். அதோட சரி. பத்து நாளாச்சு, கூப்பிடல.” கையைச் சேலையில் துடைத்தாள். “இதப் போட்டா அந்த ஃபோனு பேசுனதும் அழிஞ்சிருமா?”

“எங்ககிட்ட இருந்து அழிஞ்சிடும்.”

“அவன்கிட்ட இருந்து?”

ஜெய்புன்னிசா பேனாவை நீட்டினாள். பிரகாசி நான்காம் பக்கத்தில், ‘விலகிக்கொள்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

பதிவை அழிக்க இருவரின் கடவுச்சொல்லும் வேண்டும். இரட்டையை அப்படித்தான் வடிவமைத்திருந்தார்கள். ஜெய்புன்னிசா முதலில் அடித்தாள். பரசுராமனின் விரல் விசைப்பலகையின் மேல் நின்றது.

“ஆறு வருஷம்” என்றான்.

“தெரியும்.”

“குஞ்சுகள் பொரிச்சு வெளியே வந்தாச்சு. விரல் நீளம் இருக்கு.”

“அதுங்களுக்கு நாம அழிச்சது தெரியாது.”

பரசுராமன் அடித்தான். நாற்பத்தாறு பெயர்களும் திரையிலிருந்து போயின. ‘போதிய தரவு இல்லை’ என்றது இரட்டை. பிறகு, மீதியிருந்த பதிவுகளை மட்டும் வைத்துத் தன் வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்கி, காலை அறிக்கையின் முதல் வரியை எழுதியது:

வெள்ளிமுனையில் பதினாறு மாதங்களாக மரணம் எதுவும் நிகழவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, கல்லறைத் தோட்டத்தில், மூன்றாம் வரிசையில் இருந்த புதிய கல்லில் மட்டும் சனிக்கிழமை என்று வெட்டியிருந்தது.